சிவப்பைப் பார்க்காத ஃபிலிம்

மார்கரெட் போர்க்-வைட் தொடர் – பகுதி 3

சென்ற வாரம் மார்கரெட்டை ஈரி ஏரியில், இரவுக் கப்பலின் மேல்தளத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். 1927ஆம் ஆண்டு. வயது 23. கையில் கார்னெல் பல்கலைக்கழகப் பட்டம், முதுகுக்குப் பின்னால் இரண்டே வருடத்தில் முறிந்துபோன ஒரு கல்யாணம். எதிரே, விடியலில் மெல்லத் துலங்கத் தொடங்கிய கிளீவ்லாந்து நகரம்.

பாம்பும் தவளையும் வளர்த்து உயிரியல் படிக்கப் போன பெண் கேமராவைத் தூக்கிய கதையை முதல் இரண்டு பகுதிகளில் பார்த்தோம். அம்மா 20 டாலருக்கு வாங்கித் தந்த, லென்ஸில் விரிசல் விட்ட இகா ரிஃப்ளெக்ஸ் நினைவிருக்கலாம். இந்த வாரத்துக்கு அதைவிட முக்கியமான நினைவு ஒன்று உண்டு. அச்சு இயந்திரங்களை வடிவமைத்த பொறியாளரான அப்பா ஜோசப் வைட், மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு வார்ப்படச் சாலைக்குக் கூட்டிப்போனார். இருட்டுக்குள் சட்டென்று உருகிய இரும்பு வெள்ளமாய்ப் பாய்ந்தது. அப்பா 1922இல் இறந்துவிட்டார். அந்த வெளிச்சம் மட்டும் மகளின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கிளீவ்லாந்து எஃகு நகரம்.

* * *

ஆனால் எஃகு உடனே சோறு போடாது. பணக்காரர்களின் தோட்டங்கள் போட்டன.

நகரின் கட்டடக் கலைஞர்களையும் தோட்ட வடிவமைப்பாளர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய் வாய்ப்புக் கேட்டார் மார்கரெட். மாளிகைகள், நீரூற்றுகள், ரோஜாப் பாத்திகள் என்று எதையும் விடவில்லை. வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் அறை. கட்டிலைச் சுவருக்குள் மடித்துத் தள்ளினால்தான் நடக்க இடம். சமையலறைத் தொட்டியில் நெகட்டிவ் கழுவினார், குளியல் தொட்டியில் பிரிண்டுகளை அலசினார்.

உடுத்திப் போக நல்ல உடை ஒரே ஒரு சாம்பல் நிற சூட். அதற்குச் சிவப்பில் ஒரு தொப்பியும் கையுறையும், நீலத்தில் ஒரு தொப்பியும் கையுறையும். எந்த வாடிக்கையாளரைச் சந்திக்கும்போது எதை அணிந்திருந்தோம் என்று அட்டையில் குறித்து வைத்துக்கொள்வார். அடுத்த முறை சிவப்புக்குப் பதில் நீலம். வந்திருப்பவரிடம் ஒரே ஒரு சூட்தான் இருக்கிறது என்று யாருக்கும் தெரியக்கூடாதல்லவா? பின்னாளில் உலகத் தலைவர்களின் முன்னால் அசராமல் நின்ற பெண்ணின் தொழில் சாமர்த்தியம் இந்த அட்டைகளில்தான் தொடங்கியது என்று தோன்றுகிறது.

ஒருநாள் நகர் நடுவிலுள்ள பப்ளிக் ஸ்கொயரைக் கடந்து போகிறார். பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று ஒரு கறுப்பினப் போதகர் உரத்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்க ஒரு மனிதர் இல்லை. சுற்றிலும் புறாக்கள்தான். மார்கரெட்டின் கையில் கேமரா இல்லை. பக்கத்துக் கேமராக் கடைக்குள் ஓடினார். கல்லாவில் இருந்தவரிடம், முன்பின் தெரியாத மனிதரிடம், ஒரு கேமரா இரவல் வேண்டும் என்றார். அவரும் ஒரு கிராஃப்ளெக்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டார்! வழியில் வேர்க்கடலை வாங்கி, அங்கிருந்த சிறுவர்களிடம் கொடுத்துப் புறாக்களுக்கு இறைக்கச் சொன்னார். படம் விழுந்தது. வணிகர் சங்கப் பத்திரிகை அதை 10 டாலருக்கு வாங்கி அட்டையில் போட்டது.

பத்து டாலரை விடுங்கள். கேமராவை இரவல் கொடுத்தாரே ஆல்ஃபிரட் பீமிஸ், அவர்தான் அன்றைய உண்மையான வரவு. இந்த வாரக் கதை முழுக்க அவர் வருவார்.

* * *

தோட்டத்துப் படங்களால் வாடகை கட்ட முடிந்தது. மார்கரெட்டின் மனசோ குயஹோகா நதிக்கரையிலேயே கிடந்தது. நதியை ஒட்டிய தாழ்வான பகுதியில் ரயில் பாதைகளும் பாலங்களும் புகைபோக்கிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ராத்திரியில் உலை திறக்கும்போதெல்லாம் வானம் செக்கச்செவேலென்று ஆகும். வெளியே நின்று எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? உள்ளே போக வேண்டும்.

உள்ளே பெண்களுக்கு இடமில்லை. முன்பு ஆலையைப் பார்க்க வந்த ஓர் ஆசிரியை வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். அதிலிருந்து பெண்களை உள்ளே விடுவதில்லை என்று சொல்லப்பட்டது.

தோட்ட வாடிக்கையாளர்களின் வட்டத்தில் வங்கித் தலைவர்கள் உண்டு. அந்த வழியாக ஓட்டிஸ் எஃகு நிறுவனத் தலைவர் எல்ராய் குலாஸைச் சந்திக்க நேரம் கிடைத்தது. பூக்களை இவ்வளவு அழகாக எடுக்கிற பெண்ணுக்கு எஃகு ஆலையில் என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. உங்களிடம் எதையும் விற்க வரவில்லை, முயன்று பார்க்க ஒரு வாய்ப்புத் தந்தால் போதும் என்று மார்கரெட் விளக்கினார். ஆலையில் அழகு இருக்கிறது என்று ஓர் ஆலை முதலாளியிடமே வாதாட வேண்டியிருந்தது.

குலாஸ் சம்மதித்தார். ஆலை ஆட்களுக்கு உத்தரவும் போட்டார். அடுத்து அவர் செய்த காரியம், ஐந்து மாதப் பயணமாக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது.

யோசித்துப் பார்த்தால், மார்கரெட்டுக்கு இதைவிடப் பெரிய உதவியை அவர் செய்திருக்க முடியாது. அவர் ஊரில் இருந்து, முதல் மாதப் படங்களைக் காட்டச் சொல்லியிருந்தால் இந்தத் தொடர் இங்கேயே முடிந்திருக்கும்.

* * *

முதல் இரவு. மார்கரெட் அணிந்திருந்தது பாவாடையும் குதிகால் உயர்ந்த செருப்பும். எஃகு ஆலைக்கு எதை உடுத்திக்கொண்டு போவது என்று சொல்லித்தர அந்த ஊரில் முன்னோடிப் பெண் யாரும் இல்லை. உலை வாய்க்குப் பக்கத்தில், எரிகிற குழம்பின் விளிம்பில் அவர் துள்ளித் துள்ளிக் கோணம் பார்த்ததைக் கண்டு மேற்பார்வையாளர்களுக்கு வயிறு கலங்கியது. விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது? இந்த அம்மாளையே வேடிக்கை பார்த்துக்கொண்டு தொழிலாளிகள் கையைக் காலைச் சுட்டுக்கொண்டால்?

மார்கரெட் இதையெல்லாம் காதில் வாங்கும் நிலையில் இல்லை. எட்டு வயதில் பார்த்த வெளிச்சம், பத்து மடங்காகக் கண்முன் கொட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை. அவ்வளவு பிரம்மாண்டமான ஜோதி, நெகட்டிவில் வெறும் சுவடாக மங்கிக் கிடந்தது. பிரிண்ட் போட்டால் கரி பூசிய காகிதம் போல ஒரு கறுப்பு.

பழைய போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடும். உள்ளே ஒரு சிவப்பு பல்பு எரியுமே, அது ஏன் சிவப்பு? பிரிண்ட் போடும் காகிதம் நீல ஒளிக்குத்தான் அசையும், சிவப்பைக் கண்டுகொள்ளாது. அதனால் அந்த வெளிச்சத்தில் தைரியமாக வேலை செய்யலாம். மார்கரெட்டின் கேமராவில் இருந்த ஃபிலிமும் அதே சாதி. நீலத்தைப் பார்க்கும், சிவப்பையும் ஆரஞ்சையும் ஏறக்குறைய பார்க்கவே பார்க்காது. உருகிய எஃகு மனிதக் கண்ணைக் கூசவைக்கிறது. ஃபிலிமுக்கோ, அது கட்டடம் அளவுக்குப் பெரிய ஓர் இருட்டறை பல்பு.

சரி, வெளியிலிருந்து வெளிச்சம் கொண்டுபோவோம் என்று பார்த்தார்கள். அன்று கையில் கிடைத்தது ஃபிளாஷ் பவுடர். ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுக்க அது போதும். கூரை எங்கே இருக்கிறது என்றே தெரியாத எஃகு ஆலையில், அந்தப் பொடி பக்கென்று எரிந்த வெளிச்சத்தை இருட்டு அப்படியே விழுங்கிவிட்டது. பெரிய விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். அவற்றின் வெளிச்சமும் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. எட்டும் தூரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனால் அதன் வார்னிஷ் கொப்பளித்தது. மார்கரெட்டின் முகம் வெயிலில் வெந்தது போலச் சிவந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. பகலில் ரோஜாத் தோட்டம், ராத்திரியில் எஃகு ஆலை, அதற்குப் பிறகு தொட்டியில் கழுவிக் கழுவிக் குப்பைக்குப் போன ஃபிலிம். பல இரவுகளில் பீமிஸும் கூட வந்தார். அவர் கடையில் இருட்டறை வேலை பார்த்தவரும் வந்தார். ஒரு பைசா வரும்படி இல்லாத வேலைக்கு அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குத் தொழில் வெறி என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

குலாஸ் திரும்பி வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

* * *

கதையின் திருப்பம் ஒரு விற்பனையாளர் உருவத்தில் வந்தது.

அவர் ஹாலிவுட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கிளீவ்லாந்து வழியில் வந்த ஓர் ஊர், அவ்வளவே. பெட்டியில் அவர் வைத்திருந்தது புதுவகை மெக்னீசியத் தீவட்டிகள். சினிமா ஸ்டூடியோக்காரர்களுக்குக் கொளுத்திக் காட்டுவதற்காக எண்ணி எடுத்துவந்தவை. தீபாவளிக் கம்பி மத்தாப்பு எரியும்போது வருகிற கண்கூசும் வெள்ளை இருக்கிறதே, அந்த வெள்ளை, பல நூறு மடங்கு. ஃபிளாஷ் பவுடர் போல ஒரு நொடியில் அணைந்துபோகாமல் நின்று எரியும்.

மெக்னீசிய வெள்ளையில் நீலம் நிறைய உண்டு. ஃபிலிமுக்குப் புரிகிற பாஷை.

பீமிஸும் மார்கரெட்டும் அந்த மனிதரை விடவில்லை. ஒன்றிரண்டைக் கொளுத்திக் காட்டுகிறேன் என்று தயங்கியவரை ஆலைக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். ஆலைக்குள் நுழைந்து அந்த நெருப்பைப் பார்த்ததும் மனிதர் மாறிப்போனார். ஹாலிவுட் காத்திருக்கட்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீவட்டிகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

கேமரா முக்காலியில் நிற்கிறது. கிரேனின் கொக்கியில் தொங்கியபடி உருக்குக் கொப்பரை வருகிறது. இந்த ஆலையில் மார்கரெட் எடுத்த ஒரு படத்தின் பெயரே ‘200 டன் கொப்பரை’. அதிலிருந்து அளவை ஊகித்துக்கொள்ளுங்கள். கொப்பரை வார்ப்பு அச்சுகளுக்கு மேலே வந்து நிற்கிறது. ஒரு கணம் சத்தம் அடங்கினாற்போல் இருக்கும், அப்போது திறக்கிறார்கள். எஃகு கொட்டுகிறது. புகையும் நீராவியும் எழும்புகின்றன. அந்தக் கணத்தில் தீவட்டி பற்ற வேண்டும். முன்னால் பற்றினால் வெளிச்சம் வீண். பின்னால் பற்றினால் புகை மறைத்துவிடும்.

பற்றியது. ஆலைக்குள் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பகல் வந்தது. தூண்கள், சங்கிலிகள், கிரேன் பாதை, கூரைச் சட்டங்கள் என்று இருட்டு மூடிவைத்திருந்த அத்தனையும் வெளியே வந்து நின்றன. மார்கரெட் ஷட்டரைத் திறந்தார்.

அன்றிரவு கழுவிய நெகட்டிவில் ஆலை இருந்தது. பொறிகள் தெறித்துப் பாய்ந்த பாதைகூட வளைந்த கோடுகளாகப் பதிந்திருந்தது.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. பிரிண்ட் போட்டால் படம் செத்துக் கிடந்தது. ஒரே சாம்பல் நிறம். நெகட்டிவில் இருந்த அத்தனை கறுப்பு வெள்ளைப் படிகளையும் தாங்கும் காகிதம் அவர்களிடம் இல்லை. இங்கே இரண்டாவது விற்பனையாளர் நுழைகிறார். இவர் விற்றது பிரிண்ட் காகிதம். ஆழ்ந்த கறுப்பிலிருந்து பளீர் வெள்ளை வரை படிப்படியாக இறங்கும் புதுவகைக் காகிதத்தை அவர் கொடுத்தார். எஃகு பிரிண்டிலும் எரிந்தது.

மார்கரெட் போர்க்-வைட்டைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவரது துணிச்சலைப் பேசும். துணிச்சல் உண்மைதான். ஆனால் 1928இன் தொடக்கத்தில் கிளீவ்லாந்தில் நடந்ததைக் கிட்டத்தில் பார்த்தால், ஒரு கேமராக் கடைக்காரர், இருட்டறை ஆள் ஒருவர், ஊர் ஊராகப் போகிற இரண்டு விற்பனையாளர்கள் என்று நான்கு பேர் தெரிகிறார்கள். அந்த நான்கு பேரையும் தன் பைத்தியத்துக்குள் இழுத்துக்கொண்டதுதான் அவருடைய திறமை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்ற அந்த நம்பிக்கையை, புறா படத்துக்கு இரவல் கேட்ட நாளிலேயே பார்த்துவிட்டோம்.

* * *

குலாஸ் ஐரோப்பாவிலிருந்து திரும்பினார். மார்கரெட் பிரிண்டுகளை அவர் மேசையில் பரப்பினார்.

விலை என்ன என்று கேட்டார் குலாஸ். ஒரு படம் 100 டாலர் என்றார் மார்கரெட். பத்து டாலருக்குப் புறா படத்தை விற்றவர்! குலாஸ் எட்டுப் படங்களை எடுத்துக்கொண்டார். இன்னும் எட்டுப் படங்கள் எடுத்துத் தரச் சொன்னார். அதே 1928இல் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தின் மே மாதக் கண்காட்சியில் எஃகுப் படம் ஒன்று புகைப்படப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. மற்ற ஆலைகளும் நிறுவனங்களும் தேடிவர ஆரம்பித்தன. ரோஜாப் பாத்திகளின் காலம் முடிந்தது.

இங்கே ஒரு சின்ன நெருடலைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படங்களை இன்று வரிசையாக வைத்துப் பாருங்கள். கொப்பரை இருக்கிறது, உலை இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. மனிதர்? அவ்வப்போது ஓரத்தில் ஒரு நிழல், கொப்பரை எவ்வளவு பெரியது என்று நமக்குக் காட்டுவதற்காக நிற்கிற அளவுகோல் மாதிரி. அந்த வெக்கையில் தினம் தினம் நின்றவரின் முகம் கிடையாது. இயந்திரத்தின் மீது கொண்ட காதலில் பக்கத்தில் நின்ற ஆளை அவர் பார்க்கவில்லை. சிவப்பைப் பார்க்காத ஃபிலிமைச் சரிசெய்ய ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. இந்தக் குறை சரியாக இன்னும் சில வருடங்கள் ஆகும்.

* * *

1929 மே மாதம். நியூயார்க்கிலிருந்து ஒரு தந்தி.

அனுப்பியவர் ‘டைம்’ வாரப் பத்திரிகையின் ஹென்றி லூஸ், வயது 31. அனுப்பியவரைப் பார்த்ததும் மார்கரெட்டுக்குப் பெரிய ஆவல் ஏதும் எழவில்லை. டைம் பத்திரிகையில் படம் என்றால் அரசியல்வாதிகளின் முகம்தான். அதை எடுக்கவா இவ்வளவு பாடுபட்டோம்? ஆனால் பயணச் செலவு அவர்களுடையது. நியூயார்க் போனால் அங்குள்ள கட்டடக் கலைஞர்கள் சிலரையும் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் கணக்கில்தான் ரயில் ஏறினார்.

அங்கே போனால் கதை வேறு. லூஸ் ஒரு புதுப் பத்திரிகை தொடங்கப் போகிறார். தொழில், வணிகம், ஆலை, வங்கி, இதைத் தவிர வேறு பேச்சே இல்லாத பத்திரிகை. பெயர் ‘ஃபார்ச்சூன்’. விலை ஒரு டாலர். அன்றைய நிலவரத்தில் மலைக்கவைக்கும் விலை. நல்ல தாளில், பெரிய அளவில் அச்சிடுவதாகத் திட்டம். கட்டுரைக்கு ஓரமாகப் படம் ஒட்டுகிற பழைய வழக்கம் அதில் இருக்காது. எழுதுகிறவரும் எடுக்கிறவரும் சேர்ந்து போய், எழுத்தும் படமும் சரிசமமாகக் கதை சொல்லவேண்டும். ஓட்டிஸ் ஆலைப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் லூஸ் தந்தி அடித்திருந்தார்.

மார்கரெட் பேரம் பேசினார். பாதி நாள் ஃபார்ச்சூனுக்கு, மீதி நாள் தன் சொந்த வேலைக்கு, மாதம் 1000 டாலர். லூஸ் ஒப்புக்கொண்டார்.

பத்திரிகை வெளிவரும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. காலணி செய்கிற ஊர், கண்ணாடி வார்க்கிற ஊர் என்று அலைந்தார். சிகாகோவில் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் இறைச்சிக் கூடத்துக்கு, எழுத்தாளர் பார்க்கர் லாய்ட்-ஸ்மித்துடன் போனார். பன்றிகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஒரு மூலையில் காவி நிறத்தில் குன்று போல ஏதோ குவிந்து கிடந்தது. கழிவையெல்லாம் அரைத்த தூள், கால்நடைத் தீவனத்தில் கலப்பதற்கு. நாற்றம் தாங்காமல் லாய்ட்-ஸ்மித் ஓடிப்போய் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மார்கரெட் அங்கேயே நின்று நிதானமாக எடுத்து முடித்தார். கிளம்பும்போது கேமராத் துணிகளையெல்லாம் எரித்துவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

* * *

அக்டோபர் வந்தது. அடுத்த வேலை பாஸ்டனில், ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் உட்புறத்தைப் படமெடுப்பது. பகலில் கூட்டம் இருக்கும் என்று ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார். வெறிச்சோடிய வங்கிக் கூடம், உயரமான கூரை, நீண்ட எக்ஸ்போஷர். ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டிய வேலை.

ஆனால் கூடம் வெறிச்சோடியிருக்கவில்லை. கையில் காகிதங்களோடு ஆட்கள் கேமராவுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தார்கள். இந்நேரத்தில் இவர்களுக்கு இங்கே என்ன வேலை? எரிச்சலை அடக்கிக்கொண்டு மறுபடி மறுபடி முதலிலிருந்து எடுத்தார் மார்கரெட். ஒரு கட்டத்தில் வங்கியின் துணைத் தலைவர் ஒருவரிடமே கேட்டுவிட்டார்.

அவர் மார்கரெட்டை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கள் செய்தித்தாளே படிப்பதில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

வால் ஸ்ட்ரீட் கவிழ்ந்திருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையின் அடித்தட்டே கழன்று விழுந்த அந்த இரவில், தூண்களும் விதானமும் ஒழுங்காக விழவேண்டுமே என்று முக்காலியைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார் மார்கரெட்.

நியூயார்க்கில் லூஸின் மேசையில் ஃபார்ச்சூனின் முதல் இதழுக்கான பக்கங்கள் காத்திருந்தன. அமெரிக்க முதலாளிகளின் வெற்றியைக் கொண்டாடவென்றே திட்டமிட்ட, ஒரு டாலர் விலையிட்ட பத்திரிகை. அதை வாங்க வேண்டியவர்களோ காகிதங்களோடு நள்ளிரவில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் லூஸ் அச்சு இயந்திரத்தை ஓடவிடுவாரா, இல்லை மார்கரெட்டுக்கு இன்னொரு தந்தி அடித்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வாரா?

(தொடரும்)